எட்டு லேப்டாப்பும் வராத வைஃபையும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் டி.சி. புத்தகம் பறக்கிறது, மூடினால் வேர்த்துக் கொட்டுகிறது.

ஸ்டோர் ரூம் ஒழித்தோம். உடைந்த பெஞ்சு பதினொன்று, கிழிந்த மேப், கரையான் தின்ற பீரோ, லேப்டாப் எட்டு. எட்டும் ஒரே மாடல். ஆன் ஆகின்றன. ஆனால் திரை வந்து நிற்பதற்குள் ஒரு பீரியட் முடிந்துவிடும். சனிக்கிழமை பழைய சாமான் எடுக்க லாரி வருகிறதாம், இதையும் ஏற்றிவிடலாம் என்றார் ஹெச்.எம்.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் ஓடும் மேடம் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

கம்ப்யூட்டர் சார் மோகன் பக்கத்தில்தான் நின்றார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "கிரேஸக்கா, இது டைப் அடிக்கிற வேலை இல்லைல்லா" என்றார், குழந்தைக்குச் சொல்வது மாதிரி. பத்தொன்பது வருஷமாக இந்தப் பள்ளியில் டைப் அடிக்கிறேன். உண்மைதான். அதனால்தான் சுட்டது.

ஹெச்.எம். வெள்ளி வரை பாருங்கள் என்றார். லேபில் இருப்பது மூன்று கம்ப்யூட்டர், ஒன்பதாம் வகுப்பில் மட்டும் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பனவடலிசத்திரம் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் மவுஸ் பிடித்ததே இல்லை.

வாங்க வேண்டியது: பென்டிரைவ், ரவை, இவருக்குத் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

டி.சி. ஒன்பது, போனஃபைடு சான்றிதழ் நான்கு. மதியத்துக்கு மேல் ஸ்டோர் ரூம்.

முதல் லேப்டாப்பில் லினக்ஸ் ஏறிவிட்டது. அரை மணி நேரம் கூட ஆகவில்லை. என்ன வேகம்! தொட்டால் திறக்கிறது. கதவைச் சாத்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

பிறகு பார்த்தால் வைஃபை அடையாளமே இல்லை. உள்ளே போய்த் தேடினால் 'வைஃபை அடாப்டர் எதுவும் இல்லை' என்கிறது. போன வருஷம் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டபோது இந்தத் தொந்தரவு இல்லை. அங்கே நெட் வயரில் வருகிறது. இங்கே அந்த வயர் வரும் நெட் பெட்டி மோகன் சார் பூட்டி வைத்திருக்கும் கப்போர்டுக்குள்.

போனில் தேடி வாசித்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஒரு வரியை மூன்று தரம் வாசித்தால்தான் ஏறுகிறது. புரிந்தது இவ்வளவு: வைஃபை சில்லு உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது. அதை எழுப்பும் டிரைவர் என்ற சாஃப்ட்வேர் பென்டிரைவில் இல்லை. நெட்டிலிருந்து இறக்க வேண்டும்.

நெட் வர டிரைவர் வேண்டும். டிரைவர் வர நெட் வேண்டும். நல்ல கூத்து.

ஜூன் 11, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு, மாலை வரை கரண்ட் இல்லை. ஊர் முழுக்கத் தறிச் சத்தம் நின்று காது அடைத்த மாதிரி இருந்தது. இவரும் ஷெட்டுக்குப் போகாமல் வீட்டில்.

லேப்டாப்பில் சார்ஜ் கொஞ்சம் இருந்தது. போனில் உள்ள நெட்டை கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கலாம் என்று நெட்டில் ஒருவர் எழுதியிருந்ததை நேற்று வாசித்தேன். சொருகினேன். ஒன்றும் இல்லை. போன் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. பத்துத் தரம் சொருகி எடுத்தேன். லேப்டாப் அணைந்தது.

மோகன் சார் எட்டிப் பார்த்தார். என்னக்கா, லாரிக்குச் சொல்லிறலாமா என்று கேட்டார். கேபிளைச் சுருட்டினேன்.

அழுகை வரவில்லை. வந்த மாதிரி இருந்தது.

ஜூன் 12, வியாழன்

கேபிள்தான்! ராத்திரி போனில் தேடி வாசித்தேன். சார்ஜ் ஏற்ற மட்டும் ஆகும் கேபிளாம், நெட் போகாதாம். இப்படி இரண்டு ஜாதி உண்டென்று இந்த வயதில் தெரிகிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடையில் வேறு வாங்கி, எட்டரைக்கே பள்ளிக்குப் போய்விட்டேன்.

சொருகினேன். போனில் செட்டிங்கை மாற்றினேன். லேப்டாப்பில் நெட் வந்தது. கூடுதல் டிரைவர்கள் என்றொரு இடம். திறந்தால் வைஃபை சில்லின் பெயரும் அதற்கான டிரைவரும் தயாராக நிற்கின்றன. அழுத்தினேன். இறங்கியது. லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டேன்.

வலது மூலையில் விசிறி மாதிரி அந்தச் சின்ன அடையாளம். அடியில் பள்ளி வைஃபையின் பெயர்.

நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேயர் பெல் அடித்ததே கேட்கவில்லை.

மாலைக்குள் ஏழு முடிந்தன. எட்டாவது மட்டும் அடம். அதே டிரைவர், அதே வேலை, வைஃபை வரவில்லை. கட்டளை கொடுத்துக் கேட்டால் 'ஹார்ட் பிளாக்டு' என்கிறது. சில்லு கெட்டுவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். இவர் தறி மெக்கானிக், லேப்டாப்பைத் தொட்டதில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், எட்டும் ஒரே மாடல்தானே என்று. ஆமாம் என்றேன்.

"அப்போ ஓடுறதையும் ஓடாததையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருட்டி. ஒரே மாதிரி தறியில ஒண்ணு நின்னா நான் ஒடனே கழத்த மாட்டேன். வெளிய என்ன வித்தியாசம்னு மொதல்ல பாப்பேன்."

ஜூன் 13, வெள்ளி

பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேலே ஒன்றுபோல. பக்கவாட்டில் ஒன்றுபோல. முன்விளிம்பில் நகக்கண் அளவு தள்ளுகிற பொத்தான் ஒன்று. ஏழில் வலது பக்கம், இதில் இடது பக்கம். வைஃபைக்கான சுவிட்சே அதுதான், 'ஹார்ட் பிளாக்டு' என்றது இதைத்தான். யாரோ எந்தக் காலத்திலோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். நகத்தால் தள்ளினேன். வந்துவிட்டது.

இனி பள்ளி பாஸ்வேர்டு. அது மோகன் சாரிடம். போய்க் கேட்டேன். ஆபீஸ் ஆள்களுக்குச் சொல்ல முடியாது, நானே வந்து போடுதேன் என்றார்.

வந்தார். எட்டும் வரிசையாகத் திறந்திருந்ததைக் கண்டு வாசலிலேயே கொஞ்சம் நின்றார். முதல் லேப்டாப்பில் இடது கையால் மறைத்துக்கொண்டு அடித்தார். நான் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நெட் வந்தது. இரண்டாவது, மறைத்து, வந்தது. மூன்றாவதில் தப்பாக அடித்து, திரும்ப அடித்து, நான்காவதில் மறைத்த கையை எடுத்துவிட்டார். ஐந்தாவது பக்கம் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எழுதித் தாறேன்க்கா. நீங்களே போட்டுக்கிடுங்க."

தாளை நீட்டிக்கொண்டே, "டிரைவரை எப்படி எறக்குனீங்க? எனக்கும் ரெண்டு வருஷம் முன்னால இதே எடத்துலதான் நின்னுபோச்சு. விட்டுட்டேன்" என்றார்.

கேபிள் கதை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்தான்.

ஹெச்.எம். வந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எட்டாவது வரை. "யாரு செஞ்சது, மோகனா?" என்றார்.

"நான் இல்ல மேடம். கிரேஸக்கா."

இதை எழுதும்போதும் முகம் சூடாகிறது.

வீட்டுக்கு வரும் வழியில் பூ வாங்கினேன். இவரிடம் சுவிட்ச் விஷயம் சொன்னேன். அவருக்கு என்னைவிடப் பெருமை. ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லப் போகிறார், தடுக்க முடியாது. மகளுக்கு போன், எடுக்கவில்லை. நாளை.

ஜூன் 14, சனி

லாரி பதினோரு மணிக்கு வந்தது. பெஞ்சு, பீரோ, மேப் ஏறின. லேபில் மேஜை போட ஆள் பிடித்தேன். துணி துவைக்கவில்லை. தலைவலி.

மகளிடம் பேசினேன். நீயா செய்தாய் என்று நான்கு தரம் கேட்டாள். நான்கு தரமும் ஆமாம் என்றேன், சலிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காற்று அடங்கியிருக்கிறது. மூன்றாம் பீரியட் ஒன்பதாம் வகுப்பு லேபில். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம், மோகன் சார் குரல், பிறகு பிள்ளைகள் மொத்தமாக ஓ என்றது. காதை அங்கே வைத்து அடித்ததில் ஒரு டி.சி.யில் பிறந்த தேதி தப்பு. கிழித்துவிட்டு மறுபடி.

பாதிப் பீரியடில் ஒரு பிள்ளை ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. ஒரு லேப்டாப்பில் வைஃபை நின்றுவிட்டதாம்.

"சார்ட்ட சொல்லலையா?"

"சார்தான் ஒங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

டைப் அடித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன்.