குதிரையைத்தான் பார்க்கிறாராம்

ஜூன் 3, செவ்வாய்

ரோஜா வெட்டி, பெட்டி கட்டி, பெங்களூர் வண்டியில் ஏற்றிவிட்டு வந்தால் இவர் டி.வி. முன்னால். மறுபடியும் அந்தக் குதிரை. ஏதோ டச்சுக்காரர்கள் ஊராம், பழைய துறைமுகமாம், பேர் வாயில் நுழையவில்லை. கம்பத்தில் கேமரா கட்டி நாள் முழுக்க லைவாகக் காட்டுகிறார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. படகு நிற்கிறது. கருப்புக் குதிரைகள் ஊர் பார்க்க வந்தவர்களை வண்டியில் வைத்து இழுக்கின்றன. இதற்கு ஒரு மனுஷன் சோற்றுத் தட்டோடு உட்காருவாரா? சானமாவுக் காட்டு யானை வாசலில் வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டார்.

"அப்படி என்னதாங்க இருக்குது அதுல?" என்றேன்.

"குதிரை."

குதிரையாம்! அருணா மத்திகிரிப் பக்கம் குதிரைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு லாயத்துல என்ன வேலை" என்று குதித்தவர் இவர்தான். நிச்சயதார்த்தமே வேண்டாம் என்று நெதர்லாந்துக்குக் குதிரை வேலைக்குப் போய்விட்டாள் என் மகள். அன்றைக்கே முனியப்பன் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். அவள் முகத்தில் விழிக்க மாட்டேன், பேச மாட்டேன், வீட்டில் யாரும் பேசக்கூடாது, மீறினால் அவளுக்கே ஆகாது என்று.

பெற்றவன் வைக்கிற பணயமா இது? அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இரண்டு வருஷமாக நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். என் தோட்டத்து ரோஜா விமானம் ஏறிப் போகிறது. என் குரல் போகக்கூடாது.

ஜூன் 5

அந்த ஊரில் மழையாம், குதிரை வரவில்லையாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். ஏன், குதிரைக்கு லீவு விடக்கூடாதா?

ஜூன் 9, திங்கள்

எழுதாவிட்டால் எதையாவது உடைத்துவிடுவேன்.

மத்தியானம் ரசம் ஊற்றப் போனேன். டி.வி.யில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் வண்டியில் குதிரையைப் பூட்ட வந்தாள். தொப்பி. முகம் தெரியாத தூரம். பூட்டுவதற்கு முன்னால் குதிரையின் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டில் ஏர் பூட்டும்போது மாட்டைத் தொட்டு ஒற்றிக்கொள்வோமே, அப்படியே. எந்த டச்சுக்காரி அதைச் செய்வாள்?

"அது யாரு?" என்றேன்.

"குதிரை."

"குதிரைக்குப் பக்கத்துல யாருங்க?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "மொகமா தெரியுது? மொகத்துல முழிக்க மாட்டேன்னுதான் சத்தியம்."

அடப்பாவி மனுஷா! சாமி சத்தியத்திலேயே சந்து கண்டுபிடித்திருக்கிறார். என்னைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் மட்டும் தினமும் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டிருக்கிறார். நான் படுக்கையில் அழுதது இவர் காதில் விழவே இல்லையா? ஒரு வார்த்தை, "வாடி, இங்க பாரு" — வாயில் வரவில்லையே!

ஜூன் 10

பேசவில்லை. குழம்பில் உப்பும் போடவில்லை. வழித்துத் தின்றார்.

ஜூன் 12

அண்ணன் மகன் ஹரீஷ்குமார் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்தான். அருணாவிடம் ஊரைக் கேட்டு, டி.வி.யில் அந்தக் கேமராவைப் போட்டுக் கொடுத்ததே அவன்தானாம். "மாமாதான் உங்ககிட்ட சொல்லாதேன்னாரு அத்தை." காதைத் திருகினேன். முப்பது வயசு ஆனால் என்ன.

அவன் போனிலேயே அருணாவைக் கூப்பிடச் சொன்னேன். அதற்கு முன்னால் முனியப்பனிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். கோபத்தில் ஒருத்தன் உளறினால் அதை நீயும் வாங்கி வைத்துக்கொள்வாயா, தண்டனை உண்டென்றால் என் தலையில் போடு, என் பிள்ளையைத் தொடாதே என்று.

"அம்மா" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அதிலும் ஆத்திரம்.

அப்பா தினமும் பார்க்கிறார் என்றேன். நாளைக்கு வண்டி பூட்டும்போது கேமராவுக்குக் கிட்டே வந்து முகத்தைக் காட்டு என்றேன்.

"வேணாம்மா, அப்பாவோட சத்தியம் கெட்டுரும்."

அப்பனுக்குத் தப்பாத பெண்! அவளையும் திட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

வந்தாள். குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பத்துக்கு அடியில் நின்று, தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தாள். வெயிலில் கண் சுருங்கியிருந்தது. என் அருணா.

இவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார். முகத்தைத் திருப்புவார் என்று பார்த்தேன். திருப்பவில்லை. அவள் வண்டியேறிப் போன பிறகு, "எளச்சுட்டா" என்றார்.

இரண்டு வருஷத்துத் திட்டு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ரசத்தை ஊற்றினேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் எங்கேயோ போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். முனியப்பனிடம்தான் போயிருப்பார். போனை என் முன்னால் வைத்தார்.

"நான் பேசல. நீ பேசு. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு."

இன்னுமா சந்து தேடுகிறார்? எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நம்பரைப் போட்டேன். ஸ்பீக்கரைப் போடவில்லை. காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு, என்ன சாப்பிட்டாய், அந்தக் கருப்புக் குதிரைக்கு என்ன பேர், குளிருக்கு என்ன போர்த்துகிறாய் என்று பேசிக்கொண்டே இருந்தேன். வேண்டுமென்றே சிரித்தேன்.

இவர் தூணோரம் நின்றார். அடுப்படிக்குப் போனார், திரும்ப வந்தார். கடைசியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"குடு" என்றார்.