சுவரில் மாட்டிய ரிப்போர்ட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், அம்மா சுகம். அண்ணனை அதே வரியில் சேர்க்க முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் உளறிவிடுவேன்.

போன மாதம் பட்டறையில் லேத் மிஷின் ஓடும்போதே அவன் விறைத்துக் கீழே விழுந்தான். வலிப்பு. நரம்பு டாக்டரம்மா எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். துணைக்கு உள்ளே போகப் பார்த்தேன், கண்ணில் இரும்புத்தூள் தெறித்த ஆளை அந்த மிஷினில் உள்ள காந்தம் சும்மா விடாது என்று வெளியே நிறுத்திவிட்டார்கள், நாற்பது வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்தியதற்கு அந்த மரியாதை. படத்தைக் காட்டி டாக்டரம்மா சொன்னார், அம்மா வயிற்றில் இருக்கும்போதே மூளையில் மேலே போய்ச் சேர வேண்டிய பகுதி கொஞ்சம் பாதி வழியில் நின்றுவிட்டதாம். புற்று இல்லை, பிறவியிலேயே உள்ளது. சின்ன வயதிலிருந்து கூப்பிட்டால் கேட்காமல் வெறித்து நிற்பானே, அதுவும் வலிப்புதானாம், கீழே விழாத வலிப்பு. எட்டாங்கிளாஸ் டாக்டர் நான், அதற்குத் திமிர் என்று பெயர் வைத்து ஸ்கேலால் வைத்தியம் பார்த்தேன்.

பத்து வருஷம் முன்பு சாதாரண ஸ்கேன் எடுத்து, குறை எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்ததே, அதைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தேன். அவன் வெறித்து நிற்கும்போதெல்லாம் அதைக் காட்டி, மூளை நல்லா இருக்குன்னு சீல் வச்சே குடுத்துட்டாங்க, அப்புறம் என்னடா சோம்பேறித்தனம் என்பேன். வேலையாட்கள் சிரிப்பார்கள். அந்தத் தாளையே டாக்டரம்மாவிடமும் நீட்டினேன். அந்த ஸ்கேனில் இவ்வளவு சின்னது தெரியாதுங்க என்றார்.

இனி அவன் மிஷின் பக்கமே போகக்கூடாதாம். மாத்திரைக்கு அடங்கலாம், அடங்காமலும் போகலாமாம். வேறு வேலை அவனுக்கு என்ன தெரியும், படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து மிஷின் முன்னால் நிறுத்தியது நான்தானே. பஸ்ஸில் திரும்பும்போது கேட்டான், "அப்போ நான் சோம்பேறி இல்லையாப்பா?" முப்பத்தாறு வயது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். புதுசை அதே ஆணியில் மாட்டச் சொல்கிறான், எல்லாரும் பார்க்கட்டுமாம். நாளைக்கு வேலையாட்கள் முன்னாலேயே மாட்டுவேன். அதற்குப் பிறகு அவனை எங்கே உட்காரவைப்பது என்றுதான் தெரியவில்லை.

நீ பத்து வயதில் சொன்னாய், அண்ணன் வேணும்னு பண்ணலப்பா என்று. உன்னையும் அதட்டினேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

இருவரும் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் பண்ணு. பேச்சு நடுவில் நின்றுபோனால் வைத்துவிடாதே, கொஞ்சம் பொறுத்தால் அவனே திரும்பி வருவான். நான் ஒருநாளும் பொறுத்ததில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா