கம்மாபுரத்தில் கடகத்துக்கு வைத்த பேர்

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் சுதாகர் வீட்டாரும் நல்லபடியாக இருக்கிறோம், அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வடலூர் ஜோதியை வேண்டிக்கொள்கிறேன். நீ வெங்காயம் போட்டு வைத்திருக்கிற ஓலைப்பெட்டிக்குக் கடகம் என்று ஏன் பேர் வந்தது என்று பேத்தி கேட்டாளாமே, கெட்டிக்காரி. பெட்டி வாயைச் சுற்றிப் பனைநாரில் கட்டுகிற வளையம் கையில் போடும் கடகம் மாதிரி இருப்பதால் அந்தப் பேர் என்று உடன்குடியில் என் அம்மா சொல்லுவாள், அவளுக்கு யார் சொன்னார்களோ. ஆனால் கம்மாபுரத்தில் உன் மாமியார் வீட்டில் அதற்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் புதுவீடு குடிபோனபோது நம் பெரிய கடகத்தில்தான் அரிசியும் கருப்பட்டியும் சீர் அனுப்பினேன். நம் பக்கத்தில் ஒரு பிடி அரிசியாவது போட்டுப் பெட்டியைத் திருப்பித் தருவார்கள், இவர்கள் பெட்டியையே தரவில்லை. நம்மை மதிக்கவில்லை என்று நானும் அந்த வாசலை மிதிக்கவில்லை. தைப்பூசத்துக்கு வரும்போது எந்த வீட்டுக்கு முதலில் போவது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்னை நிறுத்தாதே அம்மா என்று நீ போனில் அழுததும் மனசு கேட்கவில்லை, போன ஞாயிறு சுதாகர் முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் வண்டியில் ஏறிப் போய்விட்டேன்.

சம்பந்தியம்மா கஸ்தூரியம்மாள் வாசலில் மல்லாட்டை, அதுதான் நம் நிலக்கடலை, காயவைத்துக்கொண்டு இருந்தார்கள். வாங்க என்றவர்கள் உள்ளே திரும்பி, ஏ சத்யா, அந்தச் செல்லக்கிளிப் பொட்டிய எடுத்தாடி என்றார்கள். என் பேரை இப்படி மொட்டையாகச் சொல்கிறார்களே என்று எனக்குச் சுருக்கென்றது. சின்ன மருமகள் சத்யா தூக்கி வந்தது நம் கடகம், நார் அறுந்த இடத்தில் சேலைத் துணி சுற்றித் தைத்திருக்கிறது. நீங்க அனுப்புனதுலேர்ந்து இதுக்கு எங்க வூட்ல அதாங்க பேரு, தெனம் நாப்பது தடவ உங்க பேரச் சொல்லிக்கினு கெடக்குறோம், நீங்கதான் எட்டிப் பாக்கல என்றார்கள். ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்டே விட்டேன். சீரோட வந்த பொட்டிய எவனாவது திருப்பி அனுப்புவானா, ஒறவே வாணான்னு சொன்ன மாரி ஆவாதா என்று என்னையே அதட்டினார்கள். சுதாகர் சிரிக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தேன், பொழுது சாய்ந்துதான் விட்டார்கள்.

பேத்திக்குத் தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நூறு வயசு ஒற்றுமையாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, தைப்பூசத்துக்கு வந்தால் நேராகக் கம்மாபுரத்துக்கே போய் இறங்கு. நான் அங்கேதான் இருப்பேன்.

உன் அம்மா
செல்லக்கிளி