தவறியவர் வீட்டுச் சாப்பாடு

தேவகோட்டை,
மே மாதக் கடைசி ஞாயிறு

என் மகன் கதிரவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எல்லாம் சுகம். பேரனுக்குச் சளி விட்டதா? ஏசியைக் குறைத்து வைக்கச் சொன்னால் ஷார்ஜாவில் யார் கேட்கிறீர்கள்?

போன் இருக்க இவள் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். இன்னொரு காரணமும் உண்டு. நான் வேகமாக எழுதிப் பழக வேண்டியிருக்கிறது. சிரிக்காதே, சொல்கிறேன்.

அப்பா போனதோடு மாலை வகுப்பும் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போகவில்லை. பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளுக்கு நம் முன்கூடத்தில் அவர் நடத்தினாரே, அதை இப்போது நாகஜோதி நடத்துகிறாள். அவளும் ஒரு காலத்தில் தவறிவிட்டு இங்கே வந்து படித்தவள்தான். இன்று தமிழாசிரியை. போன வருடம் ஒருநாள் அவள், "ஏம்மா, ஊரெல்லாம் இங்க படிச்சுப் பாசாகிப் போயிருச்சு. நீங்க மட்டும் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருக்கீக. செத்த உக்காந்தா என்ன?" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், உன்னிடம்கூடச் சொல்லாமல் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினேன்.

முடிவும் வந்துவிட்டது. கணக்கில்கூடக் கரையேறிவிட்டேன். தமிழில் போய்விட்டது.

ஆமாம், தமிழய்யா வீட்டுக்காரி தமிழில் பெயில். கேள்வித்தாளில் "உங்களைக் கவர்ந்த மனிதர்" என்று ஒரு கட்டுரை இருந்தது. ஆசைப்பட்டு அதை முதலில் எடுத்தேன். இத்தனை வருடம் வாயால் சொல்லாத உன் அப்பா பெயரை, முத்தரசு என்று, கையால் எழுதினேன். அப்புறம் பேனா நிற்கவில்லை. சாக்பீஸ் தூள் படிந்த சட்டைப்பை, மழையில் நனைந்தபடி பிள்ளைகளின் விடைத்தாளைப் பையில் மூடிக்கொண்டு வந்தது, பாடம் நடத்தும்போது தானே சிரித்துக்கொள்வது என்று எழுதிக்கொண்டே போனேன். மணி அடித்தபோது முக்கால்வாசிக் கேள்விகள் அப்படியே கிடந்தன. இருந்தபோது பேசிப் பேசி என் வேலையைக் கெடுத்தார், போன பிறகும் கெடுத்துவிட்டார்.

முடிவு வந்த அன்று எதிர்வீட்டுத் தேனம்மை ஆச்சி, "என்ன செந்தாமரை, ஐயா உனக்குச் சொல்லிக் குடுக்கலையா?" என்று கேட்டார்கள். விளையாட்டுத்தான். எனக்குச் சுருக்கென்றது. கதவைச் சாத்திவிட்டு, அடுப்பு மூட்டாமல் படுத்துவிட்டேன். மார்க்குக்காக அழவில்லை. ஊர் முழுக்கத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் பெயரை நானே கெடுத்துவிட்டேனே என்றுதான் அழுகை.

உச்சி வேளையில் யாரோ கதவைத் தட்டினார்கள். நாகஜோதியும் சோணையும், இன்னும் நாலைந்து பழைய மாணவர்களும் நின்றார்கள். சோணையை உனக்குத் தெரியும், உன் வகுப்பில் படித்தவன். இப்போது காரைக்குடி பஸ் ஓட்டுகிறான். நான் ஏதாவது சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "அம்மா, பசிக்குது. சாப்பிட வந்திருக்கோம்" என்று வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அது உன் அப்பா செய்கிற வேலை. தேறினவன் வீட்டுக்கு ஊரே போகும், தவறினவன் வீட்டுக்கு நான் போகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் கிளம்பிவிடுவார். போய் ஆறுதல் சொல்லமாட்டார். பசிக்கிறது என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வாத்தியார் பசி என்று வந்தால் எந்த வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கும்? விருந்தாளியை வைத்துக்கொண்டு எந்த அப்பன் பிள்ளையை அடிப்பான்? சாப்பிட்டு முடிக்கும்போது, நாளைக்கு வகுப்புக்கு வந்துவிடு என்பார், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டம் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. வைதுகொண்டே உலை வைத்தேன். வெண்டைக்காய் மண்டி, அப்பளம், மோர். நன்றாகச் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ பள்ளியில் முதல் மார்க் வாங்கிய அன்று இனிப்புக்குக் கவுனி அரிசி கிண்டி வைத்திருந்தேன். அப்பா வந்ததும் சாப்பிடுகிறேன் என்று தொடாமல் காத்திருந்தாய். பொழுது சாய்ந்து வந்தவர், வயிறு நிறைந்திருக்கிறது என்றார். நீ கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாய். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாவா இருந்தார், எனக்கு வாத்தியாரா மட்டும் இருந்தார்" என்று போன பொங்கலுக்குக்கூடச் சொன்னாய். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நீ தானே வளர்ந்தாய்தான், ஆனால் பசியோடு வளர்ந்தாய். அதை மறுத்து நான் பேசப்போவதில்லை.

அன்று அவர் சாப்பிட்டது சோணை வீட்டில். இங்கே சாப்பிட்டுக்கொண்டே சோணையே சொன்னான்: "அன்னைக்கு எங்கப்பா அருவாளோட வாசல்ல நிக்கிறாரு. நான் கெணத்து மேட்டுல உக்காந்திருக்கேன். ஐயாதான் வந்து என் கையைப் பிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாக. எங்கம்மா சோறு போட்டாக. சாப்பிட்டதும் எங்கப்பாகிட்ட, 'என் மகன் மொத மார்க்கு வாங்கிட்டு வீட்டுல எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பான். அவன்கிட்ட நாளைக்கும் சொல்லிக்கிறலாம், இவன்கிட்ட இன்னைக்குத்தான் சொல்ல முடியும்'னாக."

அந்த 'நாளை' அவருக்கு வாய்க்கவே இல்லை. அடுத்த நாள் நீ முகம் கொடுக்கவில்லை. பிறகு கல்லூரி, வேலை, ஷார்ஜா. அவருக்கும் கூச்சம். இலக்கணமெல்லாம் தெரிந்த மனுஷனுக்குப் பெற்ற மகனிடம் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை.

நீ அனுப்பிய ஜூன் மாத டிக்கெட்டைத் தள்ளிப் போடு. ஜூலையில் துணைத்தேர்வு. இந்தத் தடவை கட்டுரையைக் கடைசியில்தான் தொடுவேன். பிறகு நீ கூப்பிடுகிற இடத்துக்கு வருகிறேன், பேரனுக்கு நானே ஆனா ஆவன்னா சொல்லித் தருகிறேன். ஆனால் முடிவு வருகிற அன்று நீ இங்கே இருக்க வேண்டும். நான் தேறினாலும் சரி, தவறினாலும் சரி, உனக்கும் சோணைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போடுகிறேன். அப்பா உன்னிடம் சொல்லாமல் விட்டதை அவன் வாயால் கேள்.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். பசியோடு வா, ராசா.

உன் அம்மா,
மு. செந்தாமரை