கார்டுக்கு வைத்த பொட்டு

ஜூன் 9, திங்கள்

இன்று நான்கு முறை திரை உறைந்தது. பட்டாசு கிஃப்ட் பாக்ஸைத் த்ரீடியில் சுழற்றிக் காட்ட வேண்டுமாம், நான் ஏழாம் வகுப்பு படித்தபோது பிரஸ்ஸில் வாங்கிப் போட்ட இந்தக் கம்ப்யூட்டரில்!

முதலாளி நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி வந்து நின்றார். “இருபதாம் தேதிக்குள்ள பெட்டி சுத்தணும் தாயி. இல்லேன்னா டிசைன் வேலையை மதுரைக்காரங்ககிட்ட குடுத்துருவேன்.”

கொடுத்துவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை? எங்கள் வீட்டின் முதல் டிகிரி, பில் புக்குக்கு நம்பர் போட்டுக்கொண்டு உட்காரும்.

ஜூன் 10

கம்ப்யூட்டருக்குள் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் போதும். மூடியைக் கழற்றி அளந்தேன். இருபது சென்டிமீட்டர்தான் இடம். கார்டுக்குத் தனி கரண்ட் வயரும் இல்லை. அப்படியென்றால் ஒற்றை விசிறி வைத்த, வயர் கேட்காத சின்ன கார்டு. தேதி போட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். அண்ணாச்சி அறையில் ஆள் இருந்தது. திரும்பிவிட்டேன்.

ஜூன் 11

இன்றும் அறையில் ஆள் இருந்தது. — பொய். யாரும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அண்ணாச்சி மதுரைக்குப் போனவர், கார்டை மாற்றினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, தானே ஒன்று வாங்கி வந்துவிட்டார். எப்படித் தேர்ந்தெடுத்தார்? பெட்டியைப் பார்த்து!

“ஃபாயில் மினுக்கு, எம்போஸ் புடைப்பு, அதுக்கு மேல யூவி பளபளப்பு. பெட்டிக்கே இம்புட்டு செலவழிக்கிறவன் உள்ள மட்டமான சரக்கா வைப்பான்?”

முப்பது வருடமாகப் பெட்டி அச்சடிப்பவரிடம் என்ன சொல்ல? உள்ளே மூன்று விசிறி, என் முன்கை நீளம். நுழையாது என்று பார்த்ததுமே தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் மெஷின்மேன் மாரிசாமி அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பிரஸ்ஸுக்குப் புதிதாக எது வந்தாலும் பொட்டு. கார்டின் முதுகில் மூன்று பொட்டு, மேலே குங்குமம்.

பிறகு மாட்டினால், ஹார்டு டிஸ்க் கூட்டில் இடிக்கிறது.

“கட்டிங் மெஷின்ல வச்சு ஒரு ஓரத்தை நறுக்கிருவமா?” என்றார் மாரிசாமி அண்ணன்.

ஜூன் 14

பொட்டு வைத்த பொருளைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஒனக்கு முந்தியே தெரியுமா?”

சீட்டை நீட்டினேன். தேதியைப் படித்தார்.

“இதைப் பையில வச்சுக்கிட்டா, அவன் பொட்டு வைக்கிறதப் பாத்துட்டு நின்ன?”

ஆமா. நின்னேன். கிறுக்கி! நாலு வார்த்தை சொன்னா நாக்கா அறுந்துரும்?

“கடைக்கு நானே போய்ட்டு வாரேன் அண்ணாச்சி.” — சொன்னது நான்தானா?

ஜூன் 16, திங்கள்

ரோலர் துடைக்கிற ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். சந்தனம் போய்விட்டது. ஓரத்தில் மட்டும் லேசான ரோஸ். மதுரை வரைக்கும் பஸ்ஸில் ஒத்திகை.

“பொட்டு வச்சது நாங்கதான். ஆனா கரண்டே குடுக்கலை. நீங்களே பாத்துக்கோங்க,” என்றேன்.

கடைக்காரர் போட்டுப் பார்த்தார். சிரித்தார். “ஆயுத பூஜை முடிஞ்சா எனக்கு இதே பஞ்சாயத்துதாம்மா. சரி, எது வேணும்?”

சீட்டை எடுக்கவில்லை. வாயால் சொன்னேன்.

ஜூன் 17

சின்ன கார்டு. மொட்டை அட்டைப் பெட்டி, ஒற்றைக் கலர் அச்சு. அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மாரிசாமி அண்ணன் கிண்ணத்தோடு கிளம்பினார்.

“பெட்டியில வைங்கண்ணே!”

பைண்டிங் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியில் வைத்தார்.

பதினொன்றரைக்குக் கிஃப்ட் பாக்ஸ் திரையில் திக்காமல் சுற்றியது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். “செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?”

“இல்லை அண்ணாச்சி. சரியாத்தான் இருக்கு.”