கெம்பம்மாவுக்குப் போய்ச் சேராத சாமை

மைசூர்,
14.4.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ராணியின் வணக்கம். நான் சுகம். பாறைமேட்டில் எல்லோரும் சுகம்தானே?

நான் வேலை பார்க்கும் நிறுவனம் அடுத்த மாதம் இங்கே மலைமக்கள் கூட்டம் நடத்துகிறது. குண்டலுபேட்டைப் பக்கம் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட சோளகர்களும் வருகிறார்கள். காலனிக்கு வந்தபின் அவர்களிடம் சாமை விதையே இல்லை, ரேஷன் அரிசிதான். அவர்களில் கெம்பம்மா என்பவர் நம் இருளர் சாமையைக் கேட்கிறார். பஸ்ஸில் கொண்டுவராதே. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் யாருக்குச் சோறு என்று கேட்டுப் போலீஸ் சோதனைச் சாவடியில் மூட்டையைக் கொட்டிவிடுகிறார்கள். உங்களைக் கூட்டத்துக்கு அழைத்துவர எங்கள் ஜீப் வரும். நீயே அவர் கையில் கொடுக்கலாம்.

உன் தங்கை,
ராணி

பாறைமேடு,
23.5.1996

ராணிக்கு அக்கா எழுதுவது.

ஊர் வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஆறவில்லை. கூட்டம் முழுக்க எங்களை ஆடச் சொன்னார்கள், படம் பிடித்தார்கள். விதையைப் பற்றிப் பேச எழுந்தால் நேரமாகிவிட்டது என்றார்கள்.

கெம்பம்மாவும் நானும் பேசியது சாப்பாட்டு வரிசையில்தான். சாமையைத் துவரையோடு கலந்து விதைக்கும் விதத்தைச் சொன்னேன். நம் பக்கம் அருகிப்போன நூறைக்கிழங்கு திரும்ப வர, தோண்டும்போது தலைப்பகுதியைக் கொடியோடு மண்ணிலேயே விடச் சொன்னாள். அதற்குள் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விதையை உங்கள் ஆபீசர் வாங்கிக்கொண்டார். "நாங்களே முறைப்படி கொடுத்துடுவோம்மா" என்றார். நீயும் தலையாட்டினாய். இங்கே மழை விழுந்துவிட்டது. அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா?

பாப்பாயி

மைசூர்,
11.6.1996

அன்புள்ள அக்கா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. விதையைக் கேட்டபோதெல்லாம் பரிசோதனை என்றார்கள். பார்த்தால் கண்ணாடி ஜாடியில், நிறுவனத்தின் பெயர் ஒட்டிக் கண்காட்சியில் இருக்கிறது. சண்டை போட்டு நேற்றுதான் வாங்கினேன். கெம்பம்மாவின் காலனிக்குப் போகும் பஸ்ஸில் மூடியைத் திறந்தேன். வறுத்த வாசனை. ஜாடியில் வண்டு விழக்கூடாதென்று வறுத்திருக்கிறார்கள்.

திரும்பி வர மனமில்லாமல் கெம்பம்மாவிடமே போய்ச் சொன்னேன். உழுத நிலத்தைக் காட்டினார். "மளெ வந்தாச்சு ராணி. நான் இந்த மண்ணுக்கு என்ன சொல்றது?" என்றார். வறுத்ததைக் கஞ்சி காய்ச்சி எனக்கும் ஊற்றினார். குடிக்க முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். உன்னிடம் இன்னும் விதை இருக்கிறதா?

ராணி

பாறைமேடு,
2.7.1996

ராணிக்கு,

உன் கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் படித்தேன். இனி ஒருவருக்கும் விதை கிடையாது என்றார்கள் பாதிப் பேர். அவர்கள்மேல் தப்பில்லை. எங்கள் விதைப்புக்கு வைத்திருந்தது மட்டும்தான் மிச்சம்.

விதையை அனுப்பினால்தானே சாவடியில் கொட்டுவார்கள்? கெம்பம்மாவையே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். இரண்டு பெண்களோடு வந்தாள். என் நிலத்தில் பாதியில் என் பங்கு விதையை அவர்களுக்காகச் சேர்ந்தே விதைத்தோம். அறுப்பு முடிந்து எப்படிக் கொண்டுபோவது என்பது அப்புறம். இந்த வருஷமும் அந்தக் காலனிக்கு ரேஷன் அரிசிதான்.

வேலையை விட்டதற்கு உன்னைப் பாராட்ட மாட்டேன். முளைக்காத விதைக்கு அது பதிலாகாது. உன்மேல் கோபம் தீரவில்லை.

பயிர் விரல் உயரம் வந்திருக்கிறது. களையெடுக்க ஆள் போதவில்லை. புறப்பட்டு வா.

பாப்பாயி