மயிலைப் பிரித்த தையல்

சென்னிமலையான் திருவடி வாழ்க.

பம்பாய், 4-11-1974

சௌபாக்கியவதி சுப்பாத்தாளுக்கு ஆசிகள். அவன் கருணையால் நலமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி தணிந்ததா?

தையற்கடையில் ஒரு வேடிக்கை நடந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் மகள் இங்கே கல்லூரியில் படிக்கிறாள். உட்காருமிடத்தில் நைந்துபோன ஜீன்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து, ஒட்டுப்போட்டுப் பூவேலையும் செய்யச் சொன்னாள். நீ கொடுத்தனுப்பிய மங்கலம் ஊர்த் தறிப் போர்வையின் ஓரத்தை வெட்டி ஒட்டாக வைத்து, பச்சை நூலால் மயில் தைத்தேன். தோகை முடிந்த பிறகுதான், ஆண்டவன் வாகனத்தின்மேல் இவள் அமர்வாளே என்று நெஞ்சம் துணுக்குற்றது. பிரிக்கத் தொடங்கியபோது அவள் வந்துவிட்டாள்.

"ஏனுங்க அப்புச்சி, மயில் மேல முருகன் உட்காரலாம், நான் உட்காரக் கூடாதுங்களா?" என்றாள்.

இத்தனை பதிகம் ஓதிய நான், "அவன் ஜீன்ஸ் போடறதில்லியே, கண்ணு" என்றேன். கடையே சிரித்தது.

மணையில் கோலமிட்டு விருந்தினரை அமர்த்துவது நம் வழக்கமல்லவா? ஆகவே மயிலை முழுதும் பிரித்துவிட்டு, வெள்ளிதோறும் நீ வாசலில் இடும் ஏழுபுள்ளிச் சிக்குக் கோலத்தைத் தைக்க முனைந்தேன். பாதிக்குமேல் இழை எப்பக்கம் திரும்புமென்று தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் அதைத் தாண்டி நடந்தேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

கார்த்திகை தீபத்துக்கு அவள் ஊர் புறப்படுகிறாள். அதற்குள் உன் கையாலேயே கோலத்தை வரைந்து அனுப்பு. பெரிதாக வரை, கடிதத்தில் வேறெதுவும் எழுத இடமில்லாவிட்டாலும் சரி.

கடை திறக்கும் நேரமாயிற்று. உன் கையும் நம் வாசலும் மங்கலம் குன்றாது விளங்க வேலவன் துணை நிற்பானாக.

ஆறுமுகசாமி